சனிக்கிழமைச் சம்பளம் நின்றுபோனால்



பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் அச்சகத்துக்கும் வேலைக்குப் போகிற நம் வீடுகளில் வாரம் சனிக்கிழமையோடு முடிகிறது. அன்றைக்குச் சம்பளம். பலசரக்குக் கடைப் பாக்கி, குழுக் கடனுக்கு வாரத் தவணை, பிள்ளையின் டியூஷன் காசு எல்லாமே அந்தச் சம்பளத்தை நம்பித்தான் நிற்கின்றன. சம்பாதிக்கிறவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் அந்த வீடு எப்படி ஓடும்? இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு வழி இருக்கிறது. அரசு மருத்துவமனை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அந்த அட்டையை அநேகமாக எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஆனால் அது வாடகை கட்டாது, அரிசி வாங்காது. நோயாளி வீட்டுக்கு மருந்துக்கு ஒரு பணம், அடுப்புக்கு ஒரு பணம் என்று இரண்டு பணம் வேண்டும். இந்த இரண்டாவது பணத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாததால்தான் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. கம்பெனியில் முன்பணம் வாங்கியவர், அதைக் கழிப்பதற்காக உடம்பு தேறும் முன்பே வேலைக்குத் திரும்புகிறார். காய்ச்சலோடும் நடுங்கும் கையோடும் ஒருவர் வெடிமருந்து அறைக்குள் உட்கார்ந்தால், ஆபத்து அவருக்கு மட்டுமில்லை. பக்கத்து அறையில் திரி வைத்துக்கொண்டிருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாவது பணத்துக்கான வழி, தொழிலாளர் அரசுக் காப்பீடு என்கிற இ.எஸ்.ஐ.யில் இருக்கிறது. ஆனால் இ.எஸ்.ஐ. என்றால் டிஸ்பென்சரியில் வரிசையில் நின்று மாத்திரை வாங்குவது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அதற்கான 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். சிகிச்சைக்கு எவ்வளவு இடம் இருந்ததோ அதே அளவு இடம் அதில் சம்பள இழப்புக்கும் இருந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் தொடங்கிய திட்டம் அது. தமிழ்நாட்டுக்குள் 1955-இல் கோயம்புத்தூர் வழியாக வந்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் விருதுநகர்க்காரரான காமராஜர். இன்று நம் சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள தொழிலாளிக்கு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் இது பொருந்தும். நாள் கூலியா, உருப்படிக்கு இவ்வளவு என்ற கணக்கா என்பதெல்லாம் பேதமில்லை. மேஸ்திரி மூலம் வந்தவருக்கும் உண்டு.

பணக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஓர் அக்காவுக்கு நாள் கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கூலியில் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது நாளுக்கு மூன்றரை ரூபாய்கூட இல்லை. முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறார். அக்காவுக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டார், அல்லது கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகிவிட்டது. இ.எஸ்.ஐ. டாக்டர் ஓய்வுச் சான்று கொடுத்தால், சராசரிக் கூலியில் 70 சதவீதம், நாளுக்கு 315 ரூபாய், அவர் பேங்க் கணக்குக்கு வரும். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. அதற்குப் பிறகு ஆண்டில் 91 நாள் வரை உண்டு. முழு 91 நாளும் வாங்க நேர்ந்தால் 28,665 ரூபாய். அடகுக் கடை வட்டியைத் தெரிந்த வீட்டுக்கு இந்தத் தொகையின் அருமை தெரியும்.

இதை யாரும் தானமாகத் தரவில்லை. வாராவாரம் அந்த அக்காவின் கூலியிலிருந்து பிடித்த காசும், அவர் உழைப்புக்காக முதலாளி கட்டிய காசும்தான் திரும்பி வருகின்றன. கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. நோய்க்கால உதவி வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை அந்த நாட்களில் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதையும் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதி வைத்தது.

நோய் நீண்டுபோனால் இன்னொரு உதவி இருக்கிறது. காசநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், முதுகுத்தண்டு வட்டு விலகல் என 34 நோய்கள் கொண்ட பட்டியல் வைத்திருக்கிறார்கள். சீழ் பிடித்துச் சிக்கலான, 20 சதவீதத்துக்கு மேற்பட்ட தீக்காயமும் அந்தப் பட்டியலில் உண்டு. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து, அந்த இரண்டு ஆண்டில் 156 நாள் சந்தா சேர்ந்திருந்தால், 80 சதவீதக் கூலி இரண்டு ஆண்டு வரை கிடைக்கும்.

இனி நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிக்கு வருகிறேன். நோய்க்கால உதவி கிடைக்குமா கிடைக்காதா என்பது, நீங்கள் படுத்த நாளுக்குப் பல மாதம் முன்பே முடிவாகிவிடுகிறது. இ.எஸ்.ஐ. ஆண்டை இரண்டாகப் பிரிக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தா, அடுத்து வரும் ஜனவரி முதல் ஜூன் வரைக்குக் கைகொடுக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது, ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு. அந்தந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும்.

பட்டாசுத் தொழிலின் ஆண்டை இதன்மேல் வைத்துப் பாருங்கள். ஏப்ரலிலிருந்து தீபாவளி வரை தலை நிமிர நேரமில்லாத வேலை. 78 நாள் தாராளமாகத் தேறிவிடும். தீபாவளி முடிந்ததும் ஆலையைப் பூட்டுகிறார்கள். பூஜை போட்டுத் திறப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். திறந்தாலும் மழை, மப்பு, காயாத சரக்கு. வேலை மெதுவாகத்தான் சூடு பிடிக்கும். ஆடி, ஆவணியில் ஆர்டர் நெருக்கும்போது ஒருவர் நோயில் விழுந்தால், அவருக்காகப் பார்க்கப்படுவது இந்த மெலிந்த ஆறு மாதத்தின் கணக்கு. அந்த நாட்களில் பத்து நாள் குறைத்து எழுதினாலும் போச்சு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டதை அடுத்து, ஆலைகள் மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தன. கூலி போனதைப் பற்றி அப்போது எல்லோரும் பேசினார்கள். அந்த ஆறு மாதத்தில் 78 நாள் தேறாதவருக்கு, 2019 ஜூலைக்குப் பிறகு வரும் நோய்க்கும் உதவி இல்லாமல் போயிருக்கும். அதை யாரும் பேசியதாக என் காதில் விழவில்லை.

ஆகவே வேலை குறைவான மாதங்களில்தான் கணக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டும். சம்பளத்தோடு கிடைக்கும் விடுமுறை நாளும் 78-இல் சேரும். செல்போனில் உமங் செயலியில் உங்கள் இ.எஸ்.ஐ. எண்ணைப் போட்டால், எந்த மாதத்துக்கு எத்தனை நாள் கட்டியிருக்கிறது என்று தெரியும். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் பார்த்துச் சொல்லிவிடும். கூலியில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால், சிவகாசி கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். முதலாளி கட்டத் தவறியதற்காகத் தொழிலாளி இழக்கக் கூடாது என்று நிரூபணம் பார்த்து உதவியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை முதலாளியிடம் வசூலிக்கவும் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருந்தது. இ.எஸ்.ஐ. கட்டணமில்லா எண் 1800-11-2526.

விபத்தின் கதை வேறு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலைகள் வெடித்ததை நாம் மறக்க முடியாது. அப்படிப் பெரிய விபத்து நடந்தால் மந்திரிமார் வருவார்கள், நிவாரணம் அறிவிப்பார்கள். ஆனால் பட்டாசுக்கான மணி மருந்து உலர்த்தும்போது ஒற்றை ஆளின் முன்னங்கை வெந்துபோனால் அது பேப்பரில் வராது. அறிவிப்பும் வராது. அவருக்கு வரவேண்டியது இ.எஸ்.ஐ.யின் தற்காலிக ஊன உதவி. கூலியில் 90 சதவீதம், நம் கணக்கில் நாளுக்கு 405 ரூபாய். 78 நாள் நிபந்தனை கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. குறைந்தது மூன்று நாள் வேலை செய்ய முடியாமல் போக வேண்டும், அவ்வளவுதான். உடம்பு தேறும் வரை வரும், நாள் வரம்பு இல்லை. விரலோ கண்ணோ நிரந்தரமாகப் போய்விட்டால், இழந்த சம்பாத்தியத் திறனுக்கு ஏற்ப ஆயுள் முழுக்க மாதத் தொகை. காலையில் ஊரிலிருந்து ஆலைக்கு வேனில் வரும்போது நடக்கிற விபத்தையும் 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் இதில் சேர்த்தது. வேலைக்கும் அந்தப் பயணத்துக்கும் தொடர்பு இருப்பது தெரிய வேண்டும்.

இந்த உரிமை எங்கே நழுவுகிறது தெரியுமா? அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில்.

கூட வந்தவர் காதோடு சொல்வார்: "வீட்டுல அடுப்பு வெடிச்சிருச்சுன்னு சொல்லுக்கா. கம்பெனிக்கு சீல் வச்சிட்டா நம்ம எல்லாருக்கும்தான் வேலை போகும். செலவைக் கம்பெனி பாத்துக்கிடும்." வலியில் துடிக்கிறவர் சரி என்று விடுகிறார். டாக்டர் கேட்டு எழுதும் அந்த ஒரு வரி, ஏ.ஆர். காப்பி என்கிறார்களே, அந்த விபத்துப் பதிவேட்டு நகலில் ஏறிவிடுகிறது. பிறகு கம்பெனி பத்து நாள் பார்க்கிறது, பதினோராம் நாள் போனை எடுப்பதில்லை. அதன் பிறகு ஆலையில்தான் வெந்தது என்று நிரூபிக்க நாய்படாத பாடு. வேலை போய்விடும் என்ற பயம் பொய்யில்லை. அந்தப் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்: எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது பட்டது என்பதை டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். கூடப் போகிற அண்ணாச்சிமார், மதினிமார் அந்த இடத்தில் வாய் திறந்து உண்மையைச் சொன்னால், அந்தக் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

பெயரே பதிவேட்டில் இல்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உரிமத்தில் அனுமதித்ததற்கு மேல் ஆள் வைக்கும் இடங்களிலும், உள்குத்தகைக்கு விட்ட அறைகளிலும் கணக்குப்பிள்ளையின் துண்டு நோட்டில் மட்டும்தான் பெயர் இருக்கும். வாரச் சம்பளம் போட்டுவந்த கவர், செல்போனில் பணம் வந்த குறுஞ்செய்தி, வேன்காரர், பக்கத்து இருக்கைக்காரர் எல்லாம் அவர்களுக்குச் சாட்சி. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் அடிபட்டால், 1923-லிருந்து வரும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் வழி இருக்கிறது. தற்காலிகமாக வேலை செய்ய முடியாத நாட்களுக்கு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் கால் பங்கை முதலாளியே தர வேண்டும் என்பது அதன் கணக்கு. மாதத்துக்கு அரைச் சம்பளம் வரும். 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டங்களெல்லாம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. மத்திய அரசு அறிவிக்கும் ஆபத்தான தொழிலில் ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் இ.எஸ்.ஐ. பொருந்தும் என்று அந்தத் தொகுப்பு சொல்கிறது. வெடிமருந்தைக் கையால் அள்ளுகிற நம் தொழிலைவிட ஆபத்தான தொழில் எது? சங்கங்கள் இதை விடாமல் கேட்க வேண்டும்.

பி.எஃப். பிடிக்கிறவர்கள் கவனியுங்கள். நோய்க்காக அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுக்கலாம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஓய்வுக்காலச் சேமிப்பு குறையும் என்பதால், மற்ற வழிகளைப் பார்த்துவிட்டு இதைத் தொடுங்கள்.

காசநோய் என்று தெரிந்து சிகிச்சையில் சேர்ந்தவருக்கு, ஆலையில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் பேங்க் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ரூபாயாக இருந்தது. சிகிச்சை முடியும் வரை உண்டு. காட்டு வேலைக்கும் போகிற குடும்பங்கள், 2011-இல் தொடங்கிய முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றித் தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள். காசநோய், புற்றுநோய் போன்ற நோய்களால் தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவர்களுக்கு அதில் மாத உதவி உண்டு. கைகால் முடங்கி, 75 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று பெற்றவர்களுக்கு, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவி மாதம் 2,000 ரூபாய். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியமும் இருக்கிறது. விபத்து, பிள்ளைகளின் படிப்பு, திருமணம், 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் என்று அதில் உதவிகள் உண்டு. உடம்பு நன்றாக இருக்கும்போதே தொழிலாளர் துறை அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். படுத்த பிறகு அலைய யார் இருக்கிறார்கள்?

எழுதிக் கொடுத்தும் பதில் வரவில்லை, வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால், ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட நீதிமன்றத்தோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். தொலைபேசி எண் 15100. ஆலைத் தொழிலாளர்களுக்கு இந்த உதவி உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. போகும்போது கூலிச் சீட்டையும் ஏ.ஆர். காப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள்.