வாச்சாத்தி: குற்றவாளி என்று பெயர் பெறுபவர் யார்?

சட்டத்தை மீறிய செயலே குற்றம் என்பது சட்டநூல்கள் தரும் விளக்கம். ஆனால் மீறல்கள் எல்லாம் குற்றமாகப் பதிவாவதில்லை, மீறியவர்கள் அனைவரும் குற்றவாளி என்று பெயர் பெறுவதுமில்லை. சமூகவியலின் விசாரணை இங்கேதான் தொடங்குகிறது. 1963-இல் 'அவுட்சைடர்ஸ்' என்ற நூலை வெளியிட்ட அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர், செயலின் தன்மை மட்டுமே ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடுவதில்லை, விதிகளை வகுக்கவும் அவற்றைப் பிறர்மீது பொருத்தவும் வல்லவர்கள் இடும் முத்திரையே அவரைக் குற்றவாளி ஆக்குகிறது என்று வாதிட்டார். முத்திரையிடல் கோட்பாடு எனப்படும் இக்கருத்து எவ்வளவு உண்மையானது என்பதைத் தமிழ்நாட்டில் வாச்சாத்தி வழக்கைப் போல வேறெதுவும் காட்டியதில்லை.

தருமபுரி மாவட்டத்தின் அரூருக்கு அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி என்ற ஊரில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடியினர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டைகள் பதுக்கப்பட்டிருப்பதாகக் கூறி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் பெரும் கூட்டமாக அங்கே நுழைந்தனர். மக்கள் அடித்து நொறுக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, ஆடுமாடுகள் கொல்லப்பட்டன, பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். அதன்பின் அந்தப் பெண்கள் உட்பட ஊரார் பலர் சந்தனக் கடத்தல்காரர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர்.

அரசுக் கோப்புகளின்படி அன்று நடந்தது கடத்தலுக்கு எதிரான சோதனை மட்டுமே. கொடுமை செய்தவர்களே சட்டத்தின் சீருடையில் இருந்தமையால், புகார் வாங்கவேண்டிய கைகளும் தாக்கிய கைகளும் ஒன்றாகிவிட்டன. இத்தகைய வன்முறையைத் தனி மனிதரின் அடங்காத இச்சை என்று விளக்குவது போதாது என்று பெண்ணியச் சமூகவியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். ஒரு சமூகத்தை முழுவதுமாகப் பணியவைக்க அதன் பெண்களின் உடலே தண்டனைக் களமாக்கப்படுகிறது என்பது அவர்களின் வாதம். வாச்சாத்தியில் பெண் என்பதோடு பழங்குடி என்பதும், ஏழை என்பதும் சேர்ந்தே அப்பெண்களைக் காப்பற்றவர்களாக்கின. இவற்றுள் ஒன்றைமட்டும் பிரித்தெடுத்து அக்கொடுமையை விளக்க முயல்வது அதன் பாதியை மறைப்பதாகும்.

சட்டம் இல்லாமையால் நேர்ந்த கொடுமையும் அன்று இது. மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்திலேயே ஒரு பழங்குடிச் சிறுமி வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், அவள் உடலில் எதிர்ப்பின் காயங்கள் இல்லை என்பதைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டி உச்ச நீதிமன்றம் 1978-இல் காவலர் இருவரை விடுவித்தது. அச்சத்தால் பணிவது இசைவாகாது என்று சட்டப் பேராசிரியர் நால்வர் எழுதிய திறந்த மடலும், அதையடுத்து எழுந்த பெண்கள் போராட்டமும் 1983-இல் சட்டத் திருத்தத்துக்கு வழிவகுத்தன. காவலில் உள்ள பெண்ணிடம் உறவு நிகழ்ந்தது மெய்ப்பிக்கப்பட்டு, தான் இசையவில்லை என்று அவள் சாட்சியம் அளித்தால், நீதிமன்றம் அதையே அனுமானமாகக் கொள்ளவேண்டும் என்றானது. ஒன்பது ஆண்டுகள் கழித்து வாச்சாத்திப் பெண்களுக்கு அத்திருத்தம் உடனே கைகொடுக்கவில்லை. சாட்சியம் சொல்ல முதலில் வழக்கு வேண்டும், அவர்களிடம் இருந்ததோ அவர்கள்மீதே போடப்பட்ட வழக்கு.

அதை மாற்றியது அமைப்பாகத் திரண்ட மக்களின் பிடிவாதம். தமிழ்நாடு பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் செய்தியை வெளிக்கொணர்ந்து நீதிமன்றங்களை நாடின. அரசு மறுத்துக்கொண்டே இருந்தது. 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனப்பட்டனர், அவர்களுள் 17 பேர் பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்டனர். ஓர் ஊரின் பெண்கள் பத்தொன்பது ஆண்டுகள் தளராமல் நின்று ஈட்டிய இத்தீர்ப்புக்கு இணையானது இந்திய நீதி வரலாற்றில் அரிது.

2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன், தண்டிக்கப்பட்டவர்களின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்ததோடு, உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பதற்காகவே ஊர்மக்கள் பலியாக்கப்பட்டனர் என்றும் கண்டார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வழங்க வேண்டும், அதில் ஐந்து லட்சத்தை வன்கொடுமைக்குத் தண்டிக்கப்பட்டவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அரசுக்கு அவர் ஆணையிட்டபோது, சம்பவம் நடந்து முப்பத்தோராண்டுகள் கடந்திருந்தன.