குழந்தைகளின் ஆஸ்துமாவும் வெள்ளணுக்களும்



இரவுதோறும் இருமும் குழந்தைக்கு "ஈசினோபீலியா" என்று பெயர் சொல்லும் வழக்கம் குடும்பங்களில் உண்டு. இரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண் கூடியிருக்கும். அதுவே நோயின் பெயராகிவிடும். ஈசினோபில் என்பது நோயன்று. உடலைக் காக்கும் வெள்ளணுக்களுள் ஒன்று. ஈயோசின் என்னும் சிவப்புச் சாயத்தை ஏற்பதால், 1879ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பவுல் எர்லிக் இதற்கு இப்பெயரிட்டார். குடற்புழுக்களை எதிர்ப்பது இதன் பணிகளுள் ஒன்று.

ஆகவே, எண் கூடியதெல்லாம் ஆஸ்துமாவன்று. 1940ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையைச் சேர்ந்த பிரிமோட் மொல்லரும் பார்ட்டனும், காசநோய் போலத் தோன்றி ஈசினோபில் மிகும் ஒரு நோயை எழுதி வைத்தனர். யானைக்கால் நோய்ப் புழுவே அதற்குக் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அதற்கு மருந்தும் வேறு.

ஆஸ்துமாவில் நிகழ்வது யாது? தூசிப் பூச்சி, பூஞ்சை, மகரந்தம் முதலியன மூச்சுக்குழலுள் புகும்போது, டி அணுக்கள் இன்டர்லூக்கின் என்னும் வேதித் தூதுகளை விடுக்கின்றன. அவற்றுள் நான்காம் எண்ணுடையது ஒவ்வாமை எதிர்ப்பொருளாகிய ஐ.ஜி.ஈ.யைப் பெருக்கும், ஐந்தாம் எண்ணுடையது ஈசினோபில்களைத் திரட்டும், பதின்மூன்றாம் எண்ணுடையது சளியை மிகுவிக்கும். ஐ.ஜி.ஈ. தாங்கிய மாஸ்ட் அணுக்கள் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்ட, குழல் சுருங்கி இரைப்பு எழுகிறது.

சால்பியூட்டமால் இன்ஹேலர் சுருங்கிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். திரண்ட அணுக்களைக் கலைக்காது. அவற்றைத் தணிப்பது நாள்தோறும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்தே. மூச்சுச் சீரானதும் அதனை நிறுத்தினால் அணுக்கள் மீண்டும் கூடும். நோய் கட்டுக்குள் வராமைக்கு இதுவும், ஸ்பேசர் இன்றித் தவறாக இழுப்பதும் பெருங்காரணங்கள். இம்மருந்தால் உயரம் சிறிது குறையலாம் என்பது உண்மையே. கட்டுக்கடங்காத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் குன்றச் செய்யும் என்பதும் உண்மை.

முறையாக இழுத்தும் சில குழந்தைகளுக்கு நோய் அடங்குவதில்லை. அவர்களுட் சிலரிடம் நியூட்ரோபில் என்னும் வேறு வெள்ளணுக்கள் மிகுந்திருக்கும். அவை ஸ்டீராய்டுக்கு எளிதில் பணிவதில்லை. அந்நிலையில் மருத்துவர் நோயை முதலிலிருந்து ஆராய வேண்டும். ஈசினோபில் மிகுந்த கடும் ஆஸ்துமாவுக்கு, ஐந்தாம் இன்டர்லூக்கினைத் தடுக்கும் மெபோலிசுமாப் ஊசி ஆறு வயது முதல் உண்டு.

கல்வராயன் மலையில் இது உயிர்ச் செய்தி. விறகடுப்புப் புகையும் மழைக்காலச் சளிக்காய்ச்சலும் இரைப்பைத் தூண்டும். சிறுவங்கூரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியை அடைய, வெள்ளிமலைக் குழந்தை நள்ளிரவிலும் மலைப்பாதையில் இறங்கியாக வேண்டும். தொடர்ந்து பேச இயலாமை, விலா உள்வாங்குதல், உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் விடியலுக்குக் காத்திராமல், ஸ்பேசர் வழியே சால்பியூட்டமாலைக் கொடுத்துக்கொண்டே புறப்பட வேண்டும். அவ்விரவு வாராமல் காப்பது, இருமல் இல்லாத நாளிலும் தவறாமல் இழுக்கப்படும் மருந்து.