வாய்க்காலும் வடிகாலும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



தஞ்சைத் தரணியிற் பிறந்தோர்க்கு வாய்க்கால் வேறு, வடிகால் வேறு என்று எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஒன்று வயலுக்கு ஜலத்தைக் கொணர்வது. மற்றொன்று வயலின் மிகுநீரைக் கொண்டு செல்வது. இரண்டையும் ஒன்றாக்குபவனை எக்கிராமமும் பொறுக்காது. அங்ஙனமிருக்க, நகரவாசிகளாகிய நாம் மட்டும் காவிரியையும் அரசலாற்றையும் வெண்ணாற்றையும் வடிகாலாக்கிக் கொண்டது என்ன நியாயம்? இதுகுறித்தே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

பிற நதிகள் உபநதிகளைச் சேர்த்துக்கொண்டு பெருகும். நம் காவிரியோ கல்லணையில் தொடங்கி, பிரிந்து பிரிந்து சிறுக்கின்றது. ஆகலின் ஓர் ஊரில் விழும் அழுக்கு, புதுநீர் கலந்து நீர்த்துப்போக வழியின்றி, கிளை வாய்க்கால்களின் மூலம் கடைமடை வரை பங்கிடப்படுகின்றது. அன்றியும், மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். இடைப்பட்ட நாலரை மாதம் ஆற்றில் ஓடுவது யாது? ஊர்களையடுத்த பல இடங்களில் நமது வீட்டுக் கழிவுநீரே!

கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறை புதியதன்று. 1914-ல் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர், கழிவுநீரிற் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கை உண்டு, பின்னர் சேறாய் அடியிற் படியும் என்று காட்டினர். அந்நுண்ணுயிர்கள் செலவிடும் பிராணவாயுவைக் கொண்டே அழுக்கை அளக்கின்றனர். சாக்கடை நீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேலும் காணப்படும் இவ்வளவைப் பொதுவிதி 30 ஆகக் குறைக்கச் சொல்கின்றது. ஸ்நானத்துக்குரிய நதியிலோ அது 3-க்கு மேற்படலாகாது. ஆகவே, சுத்திகரித்த நீர் ஒரு குடமாயின், அப்பழுக்கற்ற நீர் ஒன்பது குடமாவது கலத்தல் வேண்டும். கோடையில் அந்த ஒன்பது குடத்துக்கு எங்கே போவது? எனவே, அக்காலத்தில் சுத்திகரித்த நீரை ஆற்றில் விடாது மரஞ்செடிகளுக்குப் பாய்ச்சுதலே உத்தமம்.

தேசிய நதிப் பாதுகாப்புத் திட்டத்தில் தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை ஆகிய நகரங்கள் சேர்க்கப்பெற்றன. பாதாளச் சாக்கடைகள் அமைந்தன. ஆயினும் தன்னிடம் வந்து சேராத நீரை எந்த நிலையமும் சுத்திகரிக்க இயலாது. இணைப்புப் பெறாத வீடும், இரவில் ஆற்றோரம் கழிவைத் திறந்துவிடும் லாரியும் உள்ளவரை பெருஞ்செலவும் வீணே.

பிறரைக் கூறுவானேன்? நமது சங்கத்துக் கலியாண மண்டபத்தின் சமையற்கட்டு நீரும் கழிப்பிட நீரும் இன்றளவும் பின்புற வாய்க்காலிலேயே விழுகின்றன. அதற்குச் சற்றுக் கீழேயுள்ள படித்துறையில்தான் ஆடிப்பெருக்கன்று நம் வீட்டுப் பெண்மக்கள் மஞ்சளும் காதோலையும் வைத்துக் காவிரியம்மனை வணங்குகின்றனர். மேலே கழிவை விட்டுக் கீழே கைகூப்புவது பக்தியாகுமா? "எல்லா மண்டபத்தாரும் அப்படித்தானே செய்கிறார்கள்" என்று நிர்வாகக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கூறினார். எல்லாரும் மடையை உடைத்தால் நாமும் உடைப்போமோ?

இன்னொன்று. பாதுகாப்பின்றி மனிதரைக் கழிவுத்தொட்டியில் இறக்குதல் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவ்வேலையை இன்ன ஜாதியார்க்கே உரியதென்று ஒதுக்கிவைத்த பாவத்தில், ஜாதிச் சங்கம் நடத்தும் நமக்கும் பங்குண்டு. இனி நம் மண்டபத் தொட்டியில் எவரும் இறங்கலாகாது, இயந்திரமே இறங்குக.

ஆகவே, அடுத்து மேட்டூர் திறக்குமுன் மண்டபத்துக் கழிவுநீர் முழுவதையும் பாதாளச் சாக்கடையில் இணைப்பதென்று இச்சபை தீர்மானிக்குமாறு வேண்டுகின்றோம். செலவுக்கு நம் பங்கை இன்றே பொக்கிஷதாரரிடம் செலுத்திவிட்டோம். அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் குழாய் எங்கே போய் முடிகின்றதென்று இன்றிரவே பார்த்தல் வேண்டும். கடைமடையில் நாற்று நடுபவரும் நம்மவரே. அவர்க்குப் போய்ச் சேரவேண்டியது வாய்க்கால் நீர், வடிகால் நீரன்று.

காவிரி பெருகுக! குடி தழைக்க!