வீதிக்காற்றை அளத்தல்

பிற்பகல் மணி அடித்ததும் எங்கள் பாடசாலை வாயிலில் மோட்டார் வண்டிகளும் முச்சக்கர வண்டிகளும் இயந்திரத்தை நிறுத்தாமலே வரிசையாகக் காத்து நிற்கும். அவற்றின் புகைக்குழாய்க்குச் சற்று மேலேதான் பாலர் வகுப்புப் பிள்ளையின் மூக்கு இருக்கின்றது. கரும்புகையைக் கண்டால் பிள்ளை விலகிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாததற்கு எங்ஙனம் விலகும்?

காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. எரிபொருள் முற்றாக எரியாதவிடத்து அது பிறக்கின்றது. குருதியிலுள்ள ஈமோகுளோபினை, பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு அது பற்றிக்கொள்ளும். முதலில் தலைநோவும் மயக்கமும் உண்டாகும். அளவு மிகுந்தால் உயிரே போகும்.

நம் புலன்கள் கைவிட்ட இடத்தில் அளவு ஒன்றே துணை. நியூயோர்க் நகரில் ஹட்சன் ஆற்றின் கீழே மோட்டார் வண்டிகளுக்காக ஹொலன்ட் சுரங்கப்பாதையை அமைக்க முற்பட்டபோது இவ்வுண்மை தெளிவாயிற்று. யேல் பல்கலைக்கழகத்து யான்டெல் ஹென்டர்சனும் அவர்தம் குழுவினரும் மூடிய அறையினுள் இருந்து, அளவிட்ட வாயுவைத் தாமே சுவாசித்துப் பார்த்தனர். பத்தாயிரம் பங்கு காற்றில் நான்கு பங்குக்கு மேல் இவ்வாயு இருத்தலாகாது என வரம்பு வகுக்கப்பட்டது. அதற்கமைய 84 விசிறிகள் பொருத்தப்பட்டு, 1927ஆம் ஆண்டில் அப்பாதை திறக்கப்பட்டது.

இன்று வீதியோரக் கருவியொன்று காற்றை உள்ளிழுத்து, அதனூடாகச் செங்கீழ்க் கதிரைச் செலுத்துகின்றது. காபனோரொட்சைட்டு அக்கதிரில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். குறைந்த கதிரைக் கொண்டு வாயுவின் அளவை அறிகின்றனர். கருவியைக் கூரையுச்சியில் வைத்தாற் பயனில்லை. மனிதர் நடமாடும் வீதியோரத்தில், ஏறத்தாழ மூன்று மீற்றர் உயரத்தில் வைத்தல் வேண்டும். இவ்வாயு குருதியிற் படிப்படியாகச் சேர்வதால், ஒரு கணத்து அளவு போதாது. பல மணிநேரச் சராசரியே வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வழிகாட்டலின்படி, 24 மணிநேரச் சராசரி ஒரு கனமீற்றருக்கு 4 மில்லிகிராமை விஞ்சலாகாது.

புகையைத் தூய்மையாக்கும் ஊக்கிக் கருவிகள் 1975 முதல் அமெரிக்க மோட்டார் வண்டிகளிற் பரவலாகி, இந்நஞ்சைப் பெரிதும் குறைத்தன. எனினும் இயந்திரம் சூடேறும் வரை அவையும் செவ்வனே தொழிற்படுவதில்லை.

பெற்றோரே, பாடசாலை தோறும் அளவுகருவி வைப்பது எளிதன்று. ஆனால், பிள்ளைக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் சாவியைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்துவதற்கு எவ்விதச் செலவுமில்லை. நாளைப் பிற்பகலே அதனைத் தொடங்குவோமாக.