ஐந்தரை மணி நேரத் தவறு

தேயிலைத் தோட்டங்களில் மணிக்கூட்டைப் பார்த்துத் துயில் எழுந்தவர்கள் ஒரு காலத்தில் மிகச் சிலரே. விடியுமுன் லயத்து வாசலில் தப்பு முழங்கும். பொழுது புலர்ந்ததற்கு அதுவே சாட்சி. கம்பளியைப் போர்த்துக்கொண்டு பனியில் நடந்து பிரட்டுக்களத்தை அடைந்தால் அங்கே பெயர் பதிவார்கள். பிந்தியவருக்குப் பெயர் கிடைப்பது ஐயம். பெயர் இல்லையேல் அன்றைய கூலியும் இல்லை. பதிபவரின் கைக்கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடினாலும், அதனை மறுத்துரைக்க லயத்தில் வேறு கடிகாரம் பெரும்பாலும் இருந்ததில்லை.

இன்று ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் காரியாலயங்களிலும் பாடசாலைகளிலும் கணினி அமர்ந்திருக்கிறது. நேரத்துக்கும் திகதிக்கும் அதுவே இப்போது சாட்சி. அச்சாட்சி பிறழ்வதுண்டு, லினக்ஸ் இயங்கும் கணினியை அணைத்து மீண்டும் தொடக்கும்போது சில இடங்களில் மிகச் சரியாக ஐந்தரை மணி நேரம் பிறழ்கிறது. பிழை இவ்வளவு ஒழுங்காக இருப்பதே அதன் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஒரு கணினிக்குள் இரண்டு மணிக்கூடுகள் உள்ளன. ஒன்று தாய்ப்பலகையில் இருப்பது. நாணயம் போன்ற சிறு பற்றரி ஒன்று அதற்கு உயிர் கொடுக்கிறது. விநாடிக்கு 32,768 முறை அதிரும் பளிங்குத் துண்டு அதற்கு நடை கொடுக்கிறது. மின்சாரம் நின்றாலும் அது நிற்பதில்லை. மற்றது லினக்ஸின் நினைவுக்குள் ஓடுவது. கணினியை அணைத்ததும் அது மறைந்துபோகும். மீண்டும் தொடங்கும்போது லினக்ஸ் முதல் மணிக்கூட்டை ஒருமுறை நோக்கி மணி கேட்டுக்கொள்ளும். அதன் பின்னர் தானாகவே எண்ணிச் செல்லும்.

முதல் மணிக்கூட்டுக்கு நாடும் தெரியாது, ஊரும் தெரியாது. வெறும் எண்ணே தெரியும். அந்த எண்ணை உலகப் பொது நேரமாக வைத்திருப்பது லினக்ஸின் வழக்கம். இலங்கைக்குரிய ஐந்தரை மணியை அது தன்னிடமுள்ள விதிக்கோப்பைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளும். விண்டோஸின் வழக்கம் வேறு. அவ்வெண்ணை உள்ளூர் நேரமாகவே அது கொள்கிறது. தனித்தனியே இருந்தால் இருவரும் நல்லவர்களே. இரண்டையும் ஒரே கணினியில் குடியேற்றும்போதுதான் பூசல் பிறக்கிறது.

மாலை 6.45க்கு விண்டோஸை மூடி லினக்ஸைத் திறக்கிறார் ஒருவர் என்று கொள்வோம். லினக்ஸ் அந்த 6.45ஐப் பொது நேரம் என்று எண்ணி, ஐந்தரையைக் கூட்டி, நள்ளிரவு தாண்டி 12.15 என்று அறிவிக்கிறது. மணி மட்டுமன்றித் திகதியும் மாறிவிட்டது! கணினி தரும் திகதியையே ஏற்கும் கணக்கேட்டில் அன்று மாலை கொழுந்து நிறையைப் பதிந்தால், ஒரு பெண் திங்களன்று பறித்தது செவ்வாயின் கணக்கில் விழும். திங்களன்று அவள் குறைவாகப் பறித்தவளாகிறாள். கூலி கேட்டு நிற்பவளிடம் 'இயந்திரம் அப்படித்தான் சொல்கிறது' என்று கூறுவது எளிது; அவள் எதைக் காட்டி மறுப்பாள்?

இணையம் கிடைத்ததும் லினக்ஸ் தன்னைத் திருத்திக்கொண்டு, தாய்ப்பலகை மணிக்கூட்டையும் பொது நேரத்துக்கு மாற்றிவிடும். அடுத்துத் திறக்கும் விண்டோஸ் ஐந்தரை மணி பின்தங்கி நிற்கும். ஒருவர் நிமிர்த்தியதை மற்றவர் வளைக்கிறார். நாள்தோறும் கையால் திருத்தி அமைப்பவர்கள் உண்டு. அது ஒழுகும் கூரையின் கீழ்ப் பாத்திரம் வைப்பது போன்றதே.

லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல்' என்னும் கட்டளையைத் தட்டினால் உள்ளூர் நேரம், பொது நேரம், தாய்ப்பலகை நேரம், நேரவலயம் ஆகியவை வரிசையாகத் தோன்றும். பின்னிரண்டில் முதலாவது பொது நேரத்தோடு ஒத்திருக்கவேண்டும். நேரவலயம் 'ஏசியா/கொழும்பு' என்றிருக்கவேண்டும். விண்டோஸையும் பொது நேரத்தை ஏற்குமாறு அமைத்துவிட்டால் பூசல் தீர்ந்தது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு இறக்குவதும் இயலும். ஆயினும் அது சிறந்த வழியன்று.

ஏன் சிறந்ததன்று என்பதை இலங்கையர் தங்கள் அனுபவத்தாலேயே அறியலாம். 1996ஆம் ஆண்டு வரட்சியால் நீர்மின் நிலையங்கள் தளர்ந்தன. ஹட்டனுக்கு அண்மையிலுள்ள காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களை நம்பியே லக்சபானைத் தொகுதியின் சுழலிகள் சுழல்கின்றன என்பதை மலையகத்தார் அறிவர். மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு அவ்வாண்டு மே 25 அன்று நாட்டின் மணிக்கூடுகள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. அக்டோபரில் அதில் அரை மணி திரும்பப் பெறப்பட்டது. பிள்ளைகள் இருளிலே பாடசாலைக்குப் புறப்படவேண்டியிருந்தது என்ற முறைப்பாடு பல ஆண்டுகள் ஒலித்தது. 2006 ஏப்ரல் 15 அன்றுதான் பழைய ஐந்தரைக்கு நாடு மீண்டது. பொது நேரத்தில் ஓடிய கணினிகளில் அன்று மணிக்கூட்டைத் தொடவேண்டியிருக்கவில்லை. விதிக்கோப்பைப் புதுப்பித்தாலே போதுமாயிருந்தது. 2001இல் எழுதிய கோப்பின் நேரத்தை அக்காலத்து ஆறு மணி வேறுபாட்டுடன் இன்றும் பிசகாமற் காட்டும் திறனும் அவ்விதிக்கோப்புக்கு உண்டு.

மலையகத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் இடிமின்னலோடு மின்சாரமும் போகும்; இணையமும் போகும். பற்றரி தீர்ந்த பழைய கணினி அதன்பின் கண்விழிக்கும்போது பல ஆண்டுகளுக்கு முந்திய திகதியில் விழிப்பதுண்டு. பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தை அப்போது திறக்க முயன்றால், அத்தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று கருதி உலாவி மறுத்துவிடும். விண்ணப்ப முடிவு நாளில் இது நேர்ந்தால் இழப்பு மாணவனுக்கே. நுவரெலியாக் குளிரின் மேல் பழி போடுவோரும் உளர். குளிர் அந்தப் பளிங்கை நாளொன்றுக்கு ஒரு விநாடியளவுகூடத் தாமதப்படுத்தாது. மாற்றவேண்டியது சி.ஆர். 2032 என்னும் அச்சிறு பற்றரியையே.

பற்றரியை மாற்றிய பின், இணையம் இல்லையெனில் லினக்ஸின் நேரத்தைக் கையால் சரிசெய்து, 'ஹெச்டபிள்யூகிளாக்' கட்டளையால் அதனைத் தாய்ப்பலகைக்கு எழுதவேண்டும். இக்கட்டளைக்கு இரு திசைகள் உண்டு: 'சிஸ்டுஹெச்சி' என்பது லினக்ஸிலிருந்து தாய்ப்பலகைக்கு, 'ஹெச்சிடுசிஸ்' என்பது அதற்கு எதிர்த்திசை. திசை மாறினால், சரிசெய்த நேரத்தின்மேல் பழைய பிழை வந்து அமர்ந்துவிடும்.