ஐம்பது கையெழுத்து

கேம்ப்பிலிருந்தும் கிர்க்கியிலிருந்தும் தேஹூ ரோட்டிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தம்பிமார்களே!

அவைத்தலைவர் எனக்கு ஒரு தலைப்புக் கொடுத்திருக்கிறார். ‘உள்ளூர் வக்கீல் ஊர்ப் பதவிக்கு நிற்கலாமா?’ தாராளமாக நிற்கலாம் ஐயா! ஆனால் தேர்தலில் நிற்பதற்கு முன்னால் அவர் யாருக்காக நின்றார்? அதைத்தான் நாம் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை முதலில் கேட்டது நான் இல்லை. இதே புனே கேட்டது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டது!

பர்வதி மலை ஏறியிருப்பீர்கள். நூற்று மூன்று படி. பேஷ்வாக்கள் கட்டிய கோயில். அந்தக் கோயில் நிர்வாகம் சரியில்லை என்று 1870-ல் ஊரே முணுமுணுத்தது. முணுமுணுப்பு எந்த ஊரில்தான் இல்லை? ஆனால் இங்கே ஒரு வக்கீல் இருந்தார். கணேஷ் வாசுதேவ் ஜோஷி. அவரும் நண்பர்களும் சேர்ந்து அந்த வருஷம் ஏப்ரல் 2-ஆம் தேதி ‘பூனா சார்வஜனிக் சபா’ என்று ஒரு சபை தொடங்கினார்கள். சபை தொடங்குவது பெரிய காரியமா? இல்லை. ஆனால் அதற்கு ஒரு விதி போட்டார்கள் பாருங்கள், அதுதான் பெரிய காரியம். நான் பணக்காரன், நான் படித்தவன், நான் பட்டம் வாங்கியவன் என்று சொல்லிக்கொண்டு யாரும் உள்ளே வரமுடியாது. இன்று பவர் பத்திரம் என்கிறோமே, அதுபோல ஒரு முக்தியார்நாமா கொண்டுவர வேண்டும். ‘எங்களுக்காகப் பேச இவருக்கு அதிகாரம் கொடுக்கிறோம்’ என்று ஐம்பது பேர் அதில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். எந்தச் சாதியானாலும் சரி, எந்த மதமானாலும் சரி, ஐம்பது பேர்! அப்படித் தொண்ணூற்றைந்து பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆறாயிரம் பேர். ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சித் தீர்மானம் வந்தது 1882-ல். அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே, வெள்ளைக்காரன் கொடுக்காத தேர்தலை இந்த ஊர் தனக்குத் தானே நடத்திக்கொண்டது!

கைதட்டுங்கள். ஆனால் ஜோஷிக்கு மட்டும் தட்டாதீர்கள். அந்த ஐம்பதாவது ஆளுக்கும் தட்டுங்கள். நாற்பத்தொன்பது பேர் போட்ட பிறகும் ஒன்று குறைந்தால் பத்திரம் செல்லாது. 1857 முடிந்து பதின்மூன்று வருஷம்தான் ஆகியிருக்கிறது. சர்க்கார் என்றால் ஜனங்கள் நடுங்கிய காலம். அந்தக் காலத்தில் ஒருவர் தாளை வாங்கி, தன் பெயரை எழுதிக் கொடுத்தார். அவர் கடைக்காரரா, தச்சரா, யார் என்று நமக்குத் தெரியாது. சிலை கிடையாது, தெருப் பெயர் கிடையாது. என் கணக்கில் அவர்தான் இந்த ஊரின் முதல் வாக்காளர்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த ஜோஷி புனேயில் பிறந்தவரா? இல்லை. சாத்தாராவில் பிறந்து இங்கே பிழைக்க வந்தவர். இந்த ஊர் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டது தெரியுமா? சார்வஜனிக் காகா! ஊருக்கே சித்தப்பா! இன்றைக்குச் சில பேர் தமிழர்களான நம்மைப் பார்த்து, ‘நீங்கள் வெளியூர், உங்களுக்கு ஏன் வார்டு அரசியல்?’ என்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், பெயர் சொன்னால் அவர்களுக்கு விளம்பரம். கிர்க்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது 1869-ல், சபை தொடங்குவதற்கு முந்தின வருஷம். அந்தத் தொழிற்சாலையிலும் ராணுவக் கிடங்குகளிலும் நம் தாத்தாக்கள் சிந்திய வியர்வை வெளியூர் வியர்வையா? இங்கே வரி கட்டுகிறோம். இங்கே பிள்ளை பெறுகிறோம். இங்கேயே கண்ணை மூடுகிறோம். பிறகென்ன வெளியூர்? காகாவை ஏற்றுக்கொண்ட ஊர் ஐயா இது! அந்தப் புனேயை எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியவில்லை!

சரி, காகாவிடம் வருகிறேன். 1877, டில்லி தர்பார். ராஜாக்கள் எல்லாம் பட்டும் வைரமுமாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே இந்த வக்கீல் கையால் நூற்று நெய்த வெள்ளை உடையில் போய் நின்றார். விக்டோரியா மகாராணியின் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு உள்ள அந்தஸ்து எங்களுக்கும் வேண்டும் என்று சபையின் சார்பில் கேட்டார். காந்திக்கு அப்போது ஏழு வயது! இரண்டு வருஷம் கழித்து, ஆயுதம் ஏந்திய வாசுதேவ் பல்வந்த் ஃபட்கேயை இதே புனேயில் விசாரித்தார்கள். ராஜத்துரோக வழக்கு. பக்கத்தில் போனாலே ஆபத்து. வாதாடப் போனது யார்? காகா! வழக்கு தோற்றது, ஃபட்கேயை ஏடனுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் காகாவும் போய்விட்டார். ஜெயித்த கேஸை எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். தோற்கும் என்று தெரிந்தே எடுத்த கேஸில்தான் வக்கீல் யார் என்பது தெரியும்.

நம் பக்கம் ஆள் இல்லையா? வ.உ.சி. என்று சொன்னாலே தட்டுகிறீர்கள், தட்டுங்கள்! திலகரைக் குருவாக நினைத்த தூத்துக்குடி வக்கீல். ஆனால் இன்று சேலத்துக்காரர் ஒருவரைச் சொல்லியே தீருவேன். சி. விஜயராகவாச்சாரியார். 1882-ல் சேலம் நகரசபைக்குள் போகிறார். அதே வருஷம் ஒரு கலவர வழக்கில் மாட்டிவிட்டு, பத்து வருஷம் தண்டனை என்றார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய், சாட்சியம் போதாது என்று விடுதலையாகி வந்தார். வந்தவர் வீட்டில் உட்கார்ந்தாரா? என் நகரசபை இடத்தை எப்படிப் பறிக்கலாம் என்று இந்தியாவை ஆண்ட செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் மீதே வழக்குப் போட்டார். ஜெயித்தார்! நஷ்டஈடு எவ்வளவு? நூறு ரூபாய்! சாம்ராஜ்யத்தின் பையிலிருந்து ஒரு முனிசிபல் கவுன்சிலர் எண்ணி வாங்கிய நூறு ரூபாய்! அதோடு நின்றாரா? அதே வழக்கில் அந்தமானுக்குப் போனவர்களை மீட்கவும் போராடினார். அவர்தான் 1920-ல் நம் மகாராஷ்டிரத்து நாக்பூரில் காங்கிரஸ் மகாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதே சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி 1917-ல் நகரசபைத் தலைவர். நகரசபை அவர்களுக்குச் சின்ன இடமாகத் தெரியவில்லை.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். 2022 மார்ச்சில் புனே மாநகராட்சி உறுப்பினர்களின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. கமிஷனரே நிர்வாகியாக இருந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லையா, சாக்கடை வழிகிறதா, போய்க் கேட்க ஒரு முகம் கிடையாது. இத்தனை லட்சம் பேர் இருக்கிற ஊரில் கேட்க ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தோமே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்போதெல்லாம் எங்கே இருந்தார்கள் இந்த ஃப்ளெக்ஸ் வக்கீல்கள்? பெயருக்கு முன்னால் ‘அட்வகேட்’ என்று பெரிதாகப் போட்டு, கறுப்புக் கோட்டில் கைகூப்பி நிற்கிறார்களே, அவர்கள்!

சிவாஜிநகர் கோர்ட் வாசலில் ஒரு காட்சி பார்த்தேன். குடிசையைக் காலி பண்ணச் சொல்லி வந்த நோட்டீஸோடு ஒரு பாட்டி. மராத்தியில் இருந்ததை ஒரு இளம் பெண் வக்கீல் வரி வரியாகத் தமிழில் சொல்லி, நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் சீட்டின் மேல் தாளை வைத்து வக்காலத்து நாமா எழுதினார். பாட்டி கைநாட்டு வைத்து, விரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனார். ‘இருக்கட்டும் பாட்டி, பஸ்ஸுக்கு வையுங்க’ என்றார் அந்த வக்கீல். அந்தப் பாட்டிதான் என் ஐம்பதாவது ஆள்! அந்த மாதிரி வக்கீல் நின்றால், நான் வீடு வீடாக நடக்கிறேன்!

ஆகவே தாய்மார்களே, எந்த வக்கீல் உங்கள் வாசலுக்கு வந்தாலும் காபி கொடுங்கள், உட்காரச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள். ‘ஐயா, வேட்பு மனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரத்தைக் காட்டுங்கள். சொத்து என்ன, உங்கள் மேல் வழக்கு என்ன? பணம் வாங்காமல் யாருக்காக வாதாடினீர்கள்? பில்டர் பக்கம் நின்றீர்களா, குடியிருந்தவர் பக்கம் நின்றீர்களா?’ பதில் சொல்கிறவரிடம் இன்னும் ஒன்று கேளுங்கள். ‘உங்களால் நியாயம் கிடைத்தது என்று கையெழுத்துப் போட இந்த வார்டில் ஐம்பது பேர் இருக்கிறார்களா?’ இருந்தால், அவர் மராட்டியராகட்டும், தமிழராகட்டும், எந்தக் கட்சியாகட்டும், ஓட்டு அவருக்கு. இல்லையென்றால், ‘முதலில் ஐம்பது பேருக்கு உழைத்துவிட்டு வாருங்கள் தம்பி, அடுத்த தேர்தலில் பார்க்கலாம்’ என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புங்கள்.