நீர்மட்டமும் நிலவுயரமும்



சென்ற விடுமுறையின்போது எங்கள் வித்தியாலயத்து மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். கணினி விளையாட்டு ஒன்றில் எமது முள்ளிவாய்க்காலைத் தன் கைப்படவே ஆக்கியிருப்பதாகச் சொன்னான். ஆவலோடு சென்று பார்த்தேன். திரையிலே ஊரைக் காணவில்லை. கடல் மட்டுமே விரிந்து கிடந்தது. “சேர், உயரங்களைச் சரியாகத்தான் இட்டேன். ஊர் ஏன் தாண்டுபோனது?” என்று அவன் வினவினான். அவ்வினாவுக்கு யாம் இருவரும் கண்ட விடையையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

அவன் எடுத்துக்கொண்டது 2015ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ்’ என்னும் நகரமைப்பு விளையாட்டு. அதிலே நிலத்தின் உயரத்தை ஒரு சாம்பல்நிறப் படத்தால் உணர்த்துவர். கரிய புள்ளி தாழ்ந்த நிலம். வெண்மை மிக மிக உயர்ந்த நிலம். முழுக்கருமை 0 மீற்றர் எனவும், முழுவெண்மை 1,024 மீற்றர் எனவும் கொள்ளப்படும். அவ்விளையாட்டின் கடல்மட்டமோ, நாம் மாற்றாதவரை, 40 மீற்றரில் நிற்கும். நம் மாணவன் மெய்யான உலகில் உள்ளவாறே கடலுக்கு 0 எனவும், ஊருக்கு இரண்டு மூன்று மீற்றர் எனவும் இட்டிருந்தான். முப்பத்தேழு மீற்றர் நீரின் கீழே ஊர் கிடந்ததில் வியப்பென்ன?

ஆகவே முதற்பாடம் இது: நிலத்தை அமைக்குமுன் நீரின் மட்டத்தை அறிந்துகொள்ள வேண்டும். உயரம் என்பது தனித்து நிற்கும் பொருளன்று. எதிலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நில அளவையாளர் சராசரிக் கடல்மட்டத்தைச் சுழியமாகக் கொண்டு தொடங்குவதும் இதனாலன்றோ? எல்லா உயரங்களோடும் நாற்பதைக் கூட்டினோம். ஊர் நீரைவிட்டு எழுந்தது.

எழுந்த ஊரோ படிக்கட்டுப் போலத் தோன்றிற்று! காரணம், அவன் படத்தை எட்டு பிட் கோப்பாகச் சேமித்திருந்தான். அதில் 256 சாயல்களே உண்டு. 1,024 மீற்றரை 256 கூறாக்கினால் ஒரு கூறு நான்கு மீற்றர். மலைநாட்டை வரைபவருக்கு நான்கு மீற்றர் பெரிதன்று. கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டாய்க் கிடக்கும் எமக்கோ அதுவே ஊரின் முழு உயரம்! மூன்று மீற்றர் நிலம் ஒன்றில் கடலோடு கடலாகும். அன்றேல் செங்குத்தான கரையாகும். பதினாறு பிட் கோப்பிலோ சாயல்கள் 65,536. ஒரு கூறு ஒன்றரைச் சதமமீற்றர் அளவே. தாழ்ந்த நிலத்தை வரைவோன் நுண்ணிய அளவுகோலையே கைக்கொள்ள வேண்டும்.

உயரங்களை எங்கிருந்து பெறுவது? நான் படித்த காலத்து ஓரங்குலப் படத்திலே சமவுயரக்கோடுகள் நூறடிக்கு ஒன்றாக வரையப்பட்டிருந்தன. எமது கரையோரத்திலே ஒரு கோடுதானும் விழ இடமில்லை. இன்று மாணவர் பெறுவது 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ராடரால் அளந்த தரவுகளை. அவை முழு மீற்றர்களில் அமைந்தவை. அன்றியும், அக்கதிர்கள் அடர்ந்த மரங்களின் தலையிலே பட்டு மீளுமாதலால், பனங்கூடல் மேடாகத் தோன்றக்கூடும். கடலின் பரப்பை 0 என்று மட்டுமே அவை காட்டும். அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று சொல்லமாட்டா. அவற்றை ஊரவர் கண்ணாற் கண்டும் காலால் நடந்துமே திருத்தல் வேண்டும்.

இனி, நீர் எங்கும் ஒரே மட்டத்தில் நிற்பதும் இல்லை. முத்தையன்கட்டுக் குளத்தை எண்ணிப் பாருங்கள். குளக்கட்டுக்கு உள்ளே நீர் உயர்ந்து நிற்கிறது. துருசுக்கு வெளியே வயல் தாழ்ந்து கிடக்கிறது. கடலின் மட்டத்தையே குளத்துக்கும் கொடுத்தால் குளம் வற்றும். குளத்தின் மட்டத்தைக் கடலுக்குக் கொடுத்தாலோ தாழ்ந்த நிலம் மூழ்கும். ஆதலின், குளத்துக்கெனத் தனி நீரூற்றும் தனி மட்டமும் வேண்டும். நந்திக்கடலோ பருவத்துக்குப் பருவம் மாறுவது. மாரியிலே பேராற்று வெள்ளம் வந்து நிறைய மட்டம் உயரும். வட்டுவாகல் முகத்துவாரம் வெட்டுண்டதும் வெள்ளம் கடலை நோக்கி வடியும். கோடையிலே கரையோரம் காய்ந்து கிடக்கும். எந்தப் பருவத்து ஊரை வரைகிறோம் என்று முதலிலே துணிய வேண்டும்.

இறுதியாக நந்திக்கடலின் ஆழத்துக்கு வந்தோம். மாணவன் அதனைக் கருநீலமாக, ஆளை விழுங்கும் மடுவாக அமைத்திருந்தான். அருகே அமர்ந்திருந்த அவனுடைய அம்மம்மா திரையை நெடுநேரம் பார்த்தார். “உவ்வளவு ஆழம் இல்லை மோனே. எனக்கு நெஞ்சுமட்டுந்தான் தண்ணி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்களப்பை நீருக்குள் நடந்து கடந்தவர் பலருள் அவரும் ஒருவர். பேரனோ அதன் பின்னர் பிறந்தவன்.

அவன் அடித்தளத்தை உயர்த்தினான். நீர்மட்டம் 40 எனின், அடித்தளம் 38.8, நெஞ்சளவு. எட்டு பிட் கோப்பிலே இதனை எழுத இயலாது, நேயர்களே. அங்கே நந்திக்கடல் ஒன்றில் வறண்ட தரை, இல்லையேல் நான்கு மீற்றர் மடு. அக்கணக்கின்படி ஒருவருமே நீரில் நடந்து கடந்திருக்க முடியாது! அளவுகோல் பருமனாயின் ஊரின் மேடு பள்ளம் மட்டுமன்றி, அங்கு மக்கள் பட்டதும் மறைந்துபோகும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வாரியபோது, எங்கே நிலம் சற்று மேடு என்று அறிவது உயிர்ப் பிரச்சினையாயிற்று. எமது பிள்ளைகள் விளையாட்டுக்காகவேனும் ஒவ்வொரு மீற்றரையும் எண்ணிப் பார்ப்பது நன்றே. பெற்றோரே, பிள்ளை திரைமுன் அமர்ந்து ஊரை வரையக் கண்டால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் அமருங்கள். எந்த ஒழுங்கையில் மாரிவெள்ளம் நிற்கும், எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது, எந்தத் துறையில் நீர் நெஞ்சளவு என்று சொல்லிக்கொடுங்கள். விண்ணிலிருந்து அளந்தவர்க்கு அவை தெரியா, உங்களுக்குத் தெரியும்.